கேமராவுக்கு முன்னால் ஒருவர் அழும்போது: ‘ஒப்புதல்’ பற்றி எளிய விளக்கம்

கோவையிலோ ஈரோட்டிலோ ஓர் ஆவணப்படத்தைத் திரையிட்டு முடித்து விளக்கைப் போட்டதும் ஒரு வாக்குவாதம் கட்டாயம் கிளம்பும். "இவ்வளவு கஷ்டத்துல இருக்கறவங்களைப் போய்ப் படம் எடுக்கலாமா?" என்று ஒருவர் கேட்பார். "எடுக்கலைன்னா வெளியே எப்படித் தெரியும்?" என்று இன்னொருவர் திருப்பிக் கேட்பார். படம் எடுத்தவர் எழுந்து, "எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கியிருக்கோம்ங்க" என்பார். பேச்சு அதோடு நின்றுவிடும்.

நிற்கக் கூடாத இடத்தில் நின்றுவிடுகிறது என்பது என் எண்ணம். துன்பத்தில் இருக்கும் ஒருவர் "சரி, எடுத்துக்கங்க" என்று சொல்கிறாரே, அந்தச் சம்மதத்துக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது? எதெதை அவர் அறியாமலே கொடுத்துவிடுகிறார்? சினிமா மாணவர்களும் புதிதாக யூடியூப் சேனல் தொடங்கியவர்களும் இதைக் குழப்பிக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறேன். ஆகவே அடியிலிருந்து ஆரம்பிக்கலாம்.

## பாதி மட்டும் தெரிந்த ஒரு கதை

இந்தப் பேச்சில் யாராவது ஒருவர், பஞ்சத்தில் சுருண்டு கிடக்கும் குழந்தையும் அதற்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கழுகும் உள்ள புகைப்படத்தை இழுத்து வருவார். வாட்ஸ்அப்பில் அந்தக் கதை இப்படிச் சுற்றுகிறது: புகைப்படக்காரர் குழந்தையைக் காப்பாற்றாமல் படம் எடுத்தார், பரிசு வாங்கினார், குற்றவுணர்வில் உயிரை விட்டார்.

நடந்தது இவ்வளவு நேரான கதை கிடையாது. கெவின் கார்ட்டர் என்ற தென்னாப்பிரிக்கர் அந்தப் படத்தை 1993-ல், பஞ்சம் பிடித்த சூடானின் தென்பகுதியில் எடுத்தார். எடுத்த பிறகு கழுகை விரட்டியதாக அவரே சொன்னார். 1994-ல், பத்திரிகைத் துறையின் பெரிய விருதான புலிட்சர் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு ஜூலையில் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் விட்டுச்சென்ற கடிதத்தில் பணக் கஷ்டம் இருந்தது, தன் நாட்டில் கண்ணால் கண்ட கொலைகளின் நினைவு இருந்தது, சில மாதங்களுக்கு முன் சுடப்பட்டு இறந்த நண்பரின் பெயரும் இருந்தது. ஒரே ஒரு படத்தின் மேல் அத்தனையையும் ஏற்றிவிட முடியாது. பல ஆண்டுகள் கழித்து ஸ்பெயின் நாட்டுப் பத்திரிகை ஒன்று தேடிப்போய் விசாரித்தபோது, அது ஆண் குழந்தை என்றும், அந்தப் பஞ்சத்தில் பிழைத்துக்கொண்டது என்றும் குடும்பத்தார் சொன்னார்கள்.

"அவர் காப்பாற்றினாரா?" என்ற கேள்வியை உலகம் முழுக்கக் கேட்டோம். "அந்தப் படம் உலகம் சுற்றுவது பிள்ளையின் குடும்பத்துக்குத் தெரியுமா?" என்று கேட்கவே நமக்குத் தோன்றவில்லை. இந்தக் கட்டுரை இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

## துக்கம் விசாரிப்பதில் இருக்கும் முறை

நம் பக்கத்தில் எழவு வீட்டுக்குப் போவதற்கு ஒரு முறை இருக்கிறது. போனதும் நின்றபடி "எப்படி ஆச்சு?" என்று கேட்க மாட்டோம். கையைப் பிடித்துவிட்டுப் பக்கத்தில் உட்காருவோம். அவர்களாகப் பேச ஆரம்பித்தால் கேட்டுக்கொள்வோம். தானாக உயிரை விட்டவர் வீடு என்றால் காரணத்தைப் பற்றி வாயே திறக்க மாட்டோம். அங்கே கேட்டதைத் தெருவில் வந்து சொல்கிறவருக்கு ஊரில் நல்ல பெயர் இருக்காது. கிளம்பும்போது "போயிட்டு வர்றேன்" என்றுகூடச் சொல்வதில்லை.

இத்தனை கட்டுப்பாடும் யார் மேல் போடப்பட்டிருக்கிறது என்று கவனியுங்கள். கேட்க வருகிறவர் மேல். துக்கத்தில் இருப்பவருக்கு மறுப்பதற்குத் தெம்பு இருக்காது. யார் எதைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். பிறகுதான் "அவங்ககிட்ட ஏன் சொன்னோம்" என்று மனசு அடித்துக்கொள்ளும். அதனால்தான் அடக்கத்தை வந்தவர் பொறுப்பாக ஊர் வைத்திருக்கிறது.

ஆவணப்படம் எடுப்பவரும் துக்கம் விசாரிக்கத்தான் வருகிறார். ஆனால் அவர் அந்நியர். கேட்டதைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போகிறார். சொன்னவர் பக்கத்தில் இல்லாதபோதும் அந்தச் சொல் ஆயிரம் முறை திரும்பத் திரும்ப ஓடும். எழவு வீட்டு முறை இந்த மூன்றுக்கும் போதாது. வேறு முறை வேண்டும்.

## முகத்தில் தெரிவது யாருடைய மனம்?

இனி சினிமா எப்படி வேலை செய்கிறது என்பதற்கு வருவோம்.

சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் லெவ் குலஷோவ் என்ற ரஷ்ய இயக்குநர் ஒரு சோதனை செய்தார். ஒரு நடிகரின் சலனமில்லாத முகம். அதற்கு அடுத்து ஒரு தட்டில் சூப். மறுபடி அதே முகம், அடுத்து ஒரு சவப்பெட்டி. பார்த்தவர்கள் சூப்புக்குப் பக்கத்தில் அந்த முகத்தில் பசியையும், சவப்பெட்டிக்குப் பக்கத்தில் துயரத்தையும் கண்டார்களாம், நடிப்பையும் மெச்சினார்களாம். முகம் மாறவே இல்லை. அந்தப் படச்சுருள் இன்று கிடையாது, சோதனையை விவரித்தவர்களுக்குள் சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு. ஆனாலும் அடிப்படைச் செய்தி இன்றுவரை எல்லாப் படத்தொகுப்பு வகுப்பிலும் சொல்லித் தரப்படுகிறது. இதற்குக் குலஷோவ் விளைவு என்று பெயர்: ஒரு காட்சியின் பொருளை, அதற்கு முன்னும் பின்னும் வைக்கும் காட்சிகள் தீர்மானிக்கின்றன.

மனத்தை ஆராயும் படங்கள் எல்லாமே இந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கின்றன. ஒருவர் மனசுக்குள் கேமரா நுழைய முடியாது. அவர் முகத்தையும் அவர் பார்க்கும் பொருளையும் மாற்றி மாற்றிக் காட்டி, உள்ளே நடப்பதை நம்மையே ஊகிக்க வைக்கிறார்கள். கதைப்படத்தில் இதனால் யாருக்கும் கேடில்லை. நடிகர் கதை முழுவதும் தெரிந்துதான் நடிக்கிறார்.

ஆவணப்படத்தில் அப்படியில்லை. சாயப்பட்டறைத் தண்ணீரால் கிணறு கெட்டுப்போன ஒரு விவசாயி, நொய்யல் ஆற்றங்கரையில் நின்று வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார் என்று வையுங்கள். அடுத்த காட்சியில் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய கழிவுநீரைக் காட்டினால் அந்த முகம் கோபம். காலியான மாட்டுக்கொட்டகையைக் காட்டினால் ஏக்கம். சோக இசையைச் சேர்த்தால் தோற்றுப்போன மனிதர். அவர் நினைத்துக்கொண்டிருந்தது "பஸ் வந்துருச்சா" என்பதாகக்கூட இருக்கலாம்.

கேமரா நகரும் விதத்துக்கும் இது பொருந்தும். 1960-ல் வந்த ‘காப்போ’ என்ற இத்தாலியப் படத்தில், நாஜி வதைமுகாமின் மின்வேலியில் பாய்ந்து ஒரு பெண் உயிரை விடுகிறாள். கேமரா மெல்ல முன்னே போய் அந்த உடலை அழகான கோணத்தில் நிறுத்துகிறது. மறு ஆண்டு ஜாக் ரிவெத் என்ற பிரெஞ்சு விமர்சகர் அந்த ஓர் அசைவுக்காகவே இயக்குநரைக் கடுமையாகச் சாடி எழுதினார். சாவை அழகாக அமைத்துக் காட்ட உனக்கு யார் உரிமை கொடுத்தது என்பதே அவர் கோபம். அறுபது ஆண்டுக்கு மேல் ஆகியும் அந்தக் கட்டுரையைப் பற்றிய பேச்சு ஓயவில்லை.

சுருக்கமாக: ஒருவர் கேமரா முன் கொடுப்பது முகமும் பேச்சும். அதற்குப் பொருள் உண்டாவது வேறோர் அறையில், அவர் இல்லாதபோது. கையெழுத்து வாங்கும் நேரத்தில் அந்தப் பொருள் பிறந்திருக்கவே இல்லை.

## "இன்னொரு தடவை சொல்லுங்க"

அடுத்தது நினைவு. பெரிய ஆபத்து, வன்முறை, திடீர் இழப்பு போன்றவற்றுக்குப் பிறகு மனத்தில் ஆறாமல் தங்கிவிடும் பாதிப்பை மனக்காயம் என்று சொல்லலாம். சாதாரண நினைவு, வேண்டும்போது நாம் போய் எடுப்பது. மனக்காயத்தின் நினைவு தானாக வரும். ஒரு வாசனை, ஒரு சத்தம், ஒரு கேள்வி போதும். அது ‘முன்பு நடந்தது’ என்று வராமல் ‘இப்போது நடக்கிறது’ என்று வரும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், பேச்சு நின்றுபோகும். விசாரிக்கும் முறையாலேயே ஒருவர் மறுபடி இந்த நிலைக்குத் தள்ளப்படுவதை மறுகாயம் என்கிறார்கள்.

பேசினாலே கெடுதல் என்று இதற்கு அர்த்தம் இல்லை. தன் வேகத்தில், நம்பிக்கையான ஒருவரிடம், நிறுத்தும் உரிமையோடு பேசுவது பலருக்கு ஆறுதல். சிகிச்சையிலும் பேச்சுக்கு இடம் உண்டு. வித்தியாசம் அந்த நிறுத்தும் உரிமையில் இருக்கிறது.

இதைப் பற்றிப் பேசும் எல்லாரும் ஒருமுறையாவது பார்க்க வேண்டிய காட்சி ஒன்று உண்டு. கிளாட் லான்ஸ்மான் எடுத்த ‘ஷோவா’ (1985), நாஜிகள் நடத்திய யூதப் படுகொலை பற்றிய ஒன்பது மணி நேரத்துக்கும் மேற்பட்ட ஆவணப்படம். பழைய பிணக்காட்சிகள் ஒன்றைக்கூட அவர் பயன்படுத்தவில்லை. பிழைத்தவர்கள், சாட்சிகள், குற்றம் செய்தவர்கள் ஆகியோரின் பேச்சும் இன்றைய நிலப்பரப்பும் மட்டுமே. அதில் ஆப்ரஹாம் பொம்பா என்ற முடிதிருத்துபவர் வருகிறார். திரெப்ளிங்கா முகாமில் விஷவாயு அறைக்கு அனுப்பப்படும் பெண்களின் முடியை வெட்டும்படி கட்டாயப்படுத்தப்பட்டவர். படத்துக்காக வாடகைக்குப் பிடித்த ஒரு முடிதிருத்தும் கடையில், ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டே அதைச் சொல்கிறார். குரல் தட்டையாக இருக்கிறது, கத்தரிக்கோல் ஓடிக்கொண்டே இருக்கிறது. தன் ஊர்க்காரரான இன்னொரு முடிதிருத்துபவரின் மனைவியும் சகோதரியும் அந்த அறைக்குள் வந்த நாளைச் சொல்ல வரும்போது நின்றுவிடுகிறார். துண்டால் முகத்தைத் துடைக்கிறார். முடியாது, வேண்டாம் என்கிறார். லான்ஸ்மான் மெதுவான குரலில், மன்னிப்புக் கேட்டபடியே, தொடர வேண்டும் என்று வற்புறுத்துகிறார். கேமரா ஓடிக்கொண்டே இருக்கிறது. நீண்ட நேரம் கழித்து அவர் மறுபடி பேசுகிறார்.

கத்தரிக்கோலைக் கையில் கொடுத்தது தற்செயல் கிடையாது. கை செய்யும் வேலை நினைவைக் கிளறும் என்று இயக்குநருக்குத் தெரியும். அந்தக் காட்சி சரியா? இரண்டு பக்கமும் பெரிய அறிஞர்கள் நிற்கிறார்கள். என் கருத்து இது: பொம்பா சாட்சி சொல்ல வேண்டும் என்று தீர்மானித்துத்தான் வந்தார், எதைப் பற்றிய படம் என்று அறிந்திருந்தார், அவர் சாட்சியம் வரலாற்றுக்குத் தேவை. அப்படியிருந்தும் "வேண்டாம்" என்று அவர் சொன்ன இடத்தில் கேமராவை ஒரு நிமிடமாவது அணைத்திருக்க வேண்டும். அணைத்தபின் அவரே மறுபடி ஆரம்பித்திருந்தால் அந்தச் சாட்சியத்தின் கனம் குறைந்திருக்காது.

லான்ஸ்மானைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன் என்று சொல்லி, நேற்று மகளை இழந்த தாயிடம் மைக்கை நீட்டுகிறவர்களுக்கு அந்த வாதமும் கிடையாது. பொம்பாவுக்கும் அந்த நாளுக்கும் நடுவே பல பத்தாண்டுகள் இருந்தன.

## பள்ளிபாளையத்தில் ஒரு கேள்வி

பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்து விசைத்தறிக் கூலித் தொழிலாளர்கள் கடனுக்காகக் கிட்னியை விற்ற செய்தி பல ஆண்டுகளாக விட்டு விட்டு வருகிறது. 2025-லும் பெரிதாக வந்தது. ஒவ்வொரு முறையும் கூடவே ஒரே படம் வரும்: ஒருவர் சட்டையைத் தூக்கி இடுப்புத் தழும்பைக் காட்டிக்கொண்டு நிற்பார்.

அப்படி ஒரு படப்பிடிப்பில் உடன் இருந்திருக்கிறேன். பக்கத்துத் தறிச் சத்தம் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. வேலை பீஸ் கணக்கு, தறியை நிறுத்தச் சொல்ல முடியாது. சத்தம் கொஞ்சம் அடங்கும் நேரம் பார்த்து, "சட்டையை இன்னும் கொஞ்சம் தூக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்புங்கண்ணா" என்று கேமராக்காரத் தம்பி சொன்னார். மரியாதையான பையன். அந்த அண்ணனும் திரும்பினார். தாளில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாயிற்று. அப்போது கதவோரம் உட்கார்ந்திருந்த அவருடைய அம்மா கேட்டார்:

"இதை ஆரெல்லாம் பாப்பாங்க கண்ணு?"

"யூடியூப்ல போடுவோங்கம்மா. எல்லாரும் பாக்கலாம்."

"அப்ப இவன் மாமனார் ஊட்லயும் பாப்பாங்களா?"

மனைவி வீட்டாருக்கு அந்த விஷயம் தெரியாது. கேட்டதும் அந்த அண்ணன் சட்டையைக் கீழே விட்டார். கையெழுத்துப் போட்ட மனிதர்தான். ஆனால் தாளில் ‘எல்லா ஊடகங்களிலும் வெளியிடலாம்’ என்று இருந்த வரி, மாமனார் வீட்டுக் கூடத்தில் இருக்கும் கைப்பேசியையும் குறிக்கிறது என்பது அந்த நொடியில்தான் அவருக்கு உறைத்தது. அப்புறம் உட்கார்ந்து நெடுநேரம் பேசி, முகம் வராமல், கைகளை மட்டும் வைத்து, குரலை மாற்றி எடுத்தார்கள்.

இந்தக் கட்டுரையின் மையச் சொல் இங்கே வருகிறது. அறிந்து தரும் ஒப்புதல் என்பது, தான் எதற்குச் சம்மதிக்கிறோம், அதனால் தனக்கு என்ன நேரலாம் என்பது விளங்கி, மறுக்க வழி இருந்தும் ஒருவர் தரும் சம்மதம். மருத்துவத்தில் அறுவைச் சிகிச்சைக்கு முன் கேட்பதும் இதையே. விளங்காமல் போட்ட கையெழுத்து படம் எடுத்தவரை வழக்கிலிருந்து காக்கலாம். கையெழுத்துப் போட்டவரைக் காக்காது.

என்ன நேரலாம் என்பதில் சட்டமும் அடங்கும். மனித உறுப்பு மாற்றுச் சட்டம், 1994, உறுப்புக்குப் பணம் கொடுப்பதை மட்டுமல்லாமல் பணம் வாங்குவதையும் குற்றமாக வைத்திருக்கிறது. 2011 திருத்தத்துக்குப் பிறகு சிறைத் தண்டனை 5 முதல் 10 ஆண்டு வரை. அப்படியானால், "இத்தனை ரூபாய்க்கு வித்தேன்" என்று முகத்தைக் காட்டிச் சொல்லும் தொழிலாளி, தன் துயரத்தைச் சொல்லும்போதே தனக்கு எதிரான வாக்குமூலத்தையும் கொடுக்கிறார். தரகர் படத்தில் இருக்க மாட்டார். மருத்துவமனையும் இருக்காது. பாதிக்கப்பட்டவர் முகம் மட்டும் இருக்கும். இதைப் படக்குழு முன்கூட்டியே தெரிந்துகொண்டு அவரிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் வாங்கிய சம்மதம் அரைகுறைதான்.

மறுக்க வழி இருக்கிறதா என்பதும் பெரிய விஷயம். முன்பணம் வாங்கித் தறிக் குடோனில் மாட்டிக்கொண்டவர், மில் விடுதியில் தங்கியிருக்கும் பெண் போன்றவர்களை அழைத்துவருவது முதலாளியோ, சூபர்வைசரோ, உதவி தரும் தொண்டு நிறுவனமோ என்றால் அவர்கள் வாயில் ‘முடியாது’ வராது. வந்தவர் உதவி செய்வார் என்ற எதிர்பார்ப்பும் ஒருவகை நெருக்கடிதான்.

## ஒப்புதலே தர முடியாதவர்கள்

1967-ல் அமெரிக்க இயக்குநர் ஃபிரெடரிக் வைஸ்மன் ‘டிட்டிகட் ஃபாலீஸ்’ என்ற படத்தை எடுத்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிரிட்ஜ்வாட்டரில், குற்ற வழக்கில் சிக்கிய மனநோயாளிகளை அடைத்துவைத்த மருத்துவமனை. ஆடையில்லாமல் வெற்று அறையில் ஒருவர், அவரைச் சீண்டும் காவலர்கள். சாப்பிட மறுத்த இன்னொருவருக்கு மூக்கு வழியாகக் குழாய் செலுத்துகிறார்கள். அந்தக் காட்சிக்கு நடுவே, பின்னர் இறந்துபோன அதே மனிதரின் பிணத்தைச் சவரம் செய்து தயார்ப்படுத்தும் காட்சியை வெட்டி வெட்டிச் சேர்த்திருக்கிறார் வைஸ்மன். குலஷோவ் சொன்னது இங்கே முழு வேகத்தில் வேலை செய்கிறது.

நோயாளிகளின் அந்தரங்கம் மீறப்பட்டது, பலரால் சம்மதம் தரவே இயலாது என்று சொல்லி அந்த மாநில நீதிமன்றம் பொதுத் திரையிடலைத் தடுத்தது. மருத்துவர், வழக்கறிஞர் போன்றவர்கள் மட்டும் பார்க்கலாம் என்றது. தடை நீங்கியது 1991-ல். வழக்குப் போட்டது மாநில அரசு என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த மருத்துவமனையை நடத்தியதும் அதே அரசுதான். நோயாளியின் மானம் என்ற நியாயமான காரணமே, அரசின் கொடுமையை மறைக்கவும் உதவியது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

நம் நாட்டில் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, பிரிவு 24-ன்படி, மனநல நிலையத்தில் சிகிச்சை பெறுபவரின் புகைப்படத்தையோ தகவலையோ அவர் சம்மதமின்றி ஊடகத்துக்குத் தரக் கூடாது. குழந்தைகளின் அடையாளத்தைச் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவும், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் காக்கின்றன. கோயில்களிலும் தெருவிலும் மனநலம் குன்றியவர்களை ரீல்ஸ் எடுத்துப் போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

## படம் எடுத்தவர் கையை விட்டுப் போனபின்

எடுப்பது, தொகுப்பது இரண்டையும் பார்த்தோம். மூன்றாவது பரவுதல். நம் பகுதிக்கு இதை இரண்டு வழக்குகள் கசப்பாகக் கற்றுத் தந்திருக்கின்றன.

2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, சாதி மாறிக் கல்யாணம் செய்த இளம் தம்பதியைப் பட்டப்பகலில் வெட்டினார்கள். கணவர் இறந்தார். சிசிடிவி பதிவு அன்றே தொலைக்காட்சியிலும் கைப்பேசிகளிலும் ஓடியது. திருப்பூர் நீதிமன்றத்தில் அது சாட்சியம். கைப்பேசியில் அது என்ன? உயிர் பிழைத்த பெண் தன் கணவர் வெட்டப்படுவதை எந்தத் திரையில் எப்போது பார்க்க நேரும் என்று தெரியாமல் வாழ வேண்டிய நிலை. பதிவு ஒன்றுதான். பார்க்கும் இடமும் நோக்கமும் அதை மாற்றிவிடுகின்றன.

2019-ல் வெளியே வந்த பொள்ளாச்சிப் பாலியல் வன்கொடுமை வழக்கு இன்னொன்று. அங்கே படம் பிடித்ததே குற்றத்தின் ஒரு பகுதி. மிரட்டுவதற்காக எடுத்தார்கள். வெளியே வந்தபின் ஒரு பெண் கெஞ்சும் குரலைத் தமிழ்நாடு முழுக்க ‘அக்கறையோடு’ பகிர்ந்தார்கள். கோபம் உண்மையானது, சந்தேகமில்லை. ஆனால் பகிர்ந்த ஒவ்வொருவரும் குற்றவாளி எடுத்த படத்தை அவன் அடையாத ஊர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். புகார் கொடுத்த பெண்ணின் பெயரை அதிகாரிகளே வெளியிட்டதற்காக அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2025 மே மாதம் கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது.

பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 228-ஏ, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 72. வயது வந்த அவரே எழுத்தில் அனுமதித்தால் வேறு கதை. இதுவும் ஒப்புதலின் சட்டம்தான்: மறைக்கும் உரிமையும் வெளிப்படுத்தும் உரிமையும் அவருடையது, நம்முடையது அல்ல.

## அப்படியானால் எடுக்காமலே இருந்துவிடலாமா?

கூடாது. படம் இல்லாவிட்டால் யாருக்கு நிம்மதி என்று யோசித்தால் விடை தெரிந்துவிடும். மலக்குழிக்குள் இறங்கும் தொழிலாளர்களைப் பற்றித் திவ்யபாரதி எடுத்த ‘கக்கூஸ்’ (2017) படத்தைத் திரையிடவிடாமல் காவல்துறை பல இடங்களில் தடுத்தது. அந்தப் படத்தைப் பார்ப்பது கஷ்டம். தொழிலாளர்கள் முகம் காட்டி, பெயர் சொல்லி, கோபமாகப் பேசுகிறார்கள். பரிதாபத்துக்குரிய பொருளாக இல்லாமல் வாதியாக நிற்கிறார்கள். எனக்கு அந்த வேறுபாடு மிக முக்கியம்.

கேமராவை எந்தப் பக்கம் திருப்புவது என்பதும் நம் கையில் இருக்கிறது. இந்தோனேசியாவில் 1965–66-ல் நடந்த படுகொலைகளைப் பற்றி ஜோஷுவா ஓப்பன்ஹைமர் பாதிக்கப்பட்டவர்களைப் படமெடுக்கப் போனார். ராணுவம் அவர்களை மிரட்டியது. கொன்றவர்களையே போய்ப் படமெடுங்கள், அவர்கள் பெருமையாகச் சொல்வார்கள் என்று பாதிக்கப்பட்டவர்களே யோசனை சொன்னார்கள். அப்படிப் பிறந்தது ‘தி ஆக்ட் ஆஃப் கில்லிங்’ (2012). கொன்றவர்கள் தங்கள் கொலைகளைச் சினிமா பாணியில் நடித்துக்காட்டுகிறார்கள். உள்ளூர்க் குழுவினர் பலரின் பெயருக்குப் பதிலாக ‘பெயர் வெளியிடப்படாதவர்’ என்றே திரையில் வரும். உயிருக்கு ஆபத்து இருந்ததால் அப்படி.

பள்ளிபாளையத்துக்கும் அது பொருந்தும். தழும்பை விட்டுவிட்டு, கந்துவட்டிக் கணக்கு நோட்டையும், தரகரின் பேச்சையும், போலி ஆவணத்தில் விழுந்த முத்திரையையும் ஒரு படம் தேடிப் போகட்டும். உழைப்பு அதிகம், ஆபத்தும் அதிகம். தழும்பு சுலபமாகக் கிடைத்துவிடுவதால்தான் எல்லாரும் அதை எடுக்கிறார்கள்.

## பார்க்கிறவர் மனம்

1960-ல் மைக்கேல் பவல் எடுத்த ‘பீப்பிங் டாம்’ என்ற ஆங்கிலப் படத்தின் நாயகன் கேமராவோடு அலையும் கொலைகாரன். பெண்களைக் கொல்லும்போது அவர்கள் முகத்தில் வரும் பயத்தைப் படம் பிடிக்கிறான். சிறுவயதில் அவன் தந்தையே அவனைப் பயமுறுத்தி, ஆராய்ச்சி என்று சொல்லிப் படமெடுத்திருக்கிறார். 1978-ல் வந்த பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ படத்திலும் கொலைகள் படமாக்கப்பட்டு வளர்ப்புத் தந்தை முன் ஓடும். இரண்டு படங்களும் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறவரையும் கதைக்குள் இழுக்கின்றன. பவல் படத்தை அன்றைய பிரிட்டிஷ் விமர்சகர்கள் தாங்கிக்கொள்ளவே இல்லை. அவர் தொழில் வாழ்க்கை அதோடு பலத்த அடி வாங்கியது.

ஆய்வுகள் சொல்வதையும் கேட்கலாம். 2007-ல் வெளியான ஸ்மால், லோவன்ஸ்டைன், ஸ்லோவிக் ஆய்வில், பட்டினியைப் பற்றிய புள்ளிவிவரத்தைப் படித்தவர்களைவிட, ரோக்கியா என்ற ஒரே சிறுமியின் கதையைப் படித்தவர்கள் இரண்டு மடங்குக்குப் பக்கமாகப் பணம் கொடுத்தார்கள். ஒரு முகம் மனசை இளக்கும், கூட்டம் அதை மரத்துப்போகச் செய்யும். படக்காரர்கள் ஒரே முகத்தைத் தேடி ஓடுவதற்குக் காரணம் இது. அந்த ஒரு முகத்தின் மேல் விழும் பாரமும் இதனால் கூடுகிறது. 2013 பாஸ்டன் குண்டுவெடிப்புக்குப் பின் நடந்த ஆய்வு ஒன்றில், அடுத்த வாரத்தில் தினமும் 6 மணி நேரம் அல்லது அதற்கு மேல் அந்தச் செய்திகளில் மூழ்கியிருந்தவர்களுக்கு, சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிட அதிக மன அழுத்தம் தெரிந்தது. பார்ப்பதால் மட்டும் பிறர் துன்பத்துக்கு உதவி நடந்துவிடாது, நம் மனமும் சேதமாகும்.

இதுவரை பார்த்ததில் ஒப்புதலுக்கு மூன்று கட்டங்கள் தெரிகின்றன: எடுக்கும்போது, தொகுத்தபின், வெளியிடும் முன். முதல் கட்டத்தில் வாங்கிய சம்மதத்தை மற்ற இரண்டுக்கும் சேர்த்துக் கணக்கு வைப்பதுதான் இன்றைய பெரிய தவறு.

## உங்கள் வீட்டுக்குக் கேமரா வந்தால்

திருப்பூர், கரூர், நாமக்கல் பக்கம் யாரும் எந்த நாளும் ஒரு கேமராவுக்கு முன்னால் நிற்க நேரலாம். அப்போது தயங்காமல் கேளுங்கள். யார் பணத்தில் எடுக்கிறீர்கள்? எங்கே போடுவீர்கள்? முகம் தெரியாமல், ஊர் தெரியாமல் எடுக்க முடியுமா? இதைச் சொன்னால் எனக்கு வழக்கு, வேலை, உறவு எதிலாவது கெடுதல் வருமா? வெட்டி ஒட்டி முடித்ததும் வெளியிடும் முன் என்னிடம் காட்டுவீர்களா? எந்தத் தேதிவரை நான் ‘வேண்டாம்’ என்று சொல்லலாம்? பேசும்போது உங்களுக்கு வேண்டியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும். தாள் தமிழில் இருக்க வேண்டும், ஆங்கிலத்தில் இருந்தால் உங்கள் ஆளை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

படம் எடுக்கப் போகிறவர்கள் இந்தக் கேள்விகளுக்குக் காத்திருக்காமல் அவர்களே சொல்லிவிடலாம். முதல் சந்திப்புக்குக் கேமரா இல்லாமல் போகலாம். அன்று சம்மதித்தவரிடம் ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்கலாம். நள்ளிரவில் மனசு மாறிக் கூப்பிட்டால் எடுக்கும் எண் ஒன்றைத் தரலாம். பேட்டி கொடுக்கிறவர் தாளின் நகலையும் தொகுப்பவரின் பெயரையும் அந்த எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். படம் வெளியாவதற்கு முன்பே அவை தேவைப்படலாம்.